சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி

பிரீமியர் லீக் பார்க்கும் பழக்கமுள்ள சென்னைக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் குளிர்காலச் சனிக்கிழமையின் இரவு எட்டரை மணி நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் அப்போது பிற்பகல் மூன்று. ஒரே நேரத்தில் பல மைதானங்களில் நடுவர்கள் விசில் ஊதுவார்கள். அவற்றில் ஓர் ஆட்டத்தை இங்கே வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து நேரலையாகப் பார்க்கலாம். ஆனால் அந்த மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர், டிக்கெட் கிடைக்காமல் வீட்டிலேயே தங்கிவிட்டால், தன் தொலைக்காட்சியில் அதைப் பார்க்க முடியாது. ஆரவாரம் சன்னல் வழியாகக் கேட்கும், படம் வராது.

சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து நேரலைக்குத் தடை இருக்கிறது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் மற்ற கிளப்புகளைச் சம்மதிக்க வைத்து இதற்கு வழி செய்தார். அவருடைய கவலை எளிமையானது. மான்செஸ்டர் யுனைடெட் ஆடுவதை வீட்டிலேயே பார்க்க முடியுமென்றால், அதே நேரத்தில் பக்கத்து ஊரில் ஆடும் மூன்றாம் பிரிவு அணியைப் பார்க்க யார் மழையில் நனைந்துகொண்டு போவார்கள்? உலகிலேயே அதிகப் பணம் புரளும் கால்பந்து லீக், வாரத்தின் மிகச் சிறந்த இரண்டரை மணி நேரத்தை இன்றும் தன் சொந்த நாட்டில் விற்காமல் இருக்கிறது. பெயர்கூடத் தெரியாத சிறு கிளப்புகளுக்காக.

அந்தச் சிறு கிளப்புகள் கொஞ்சமல்ல. இங்கிலாந்தில் மேல் நான்கு பிரிவுகளில் 92 அணிகள். அதற்குக் கீழே ஐந்தாம், ஆறாம், எட்டாம், பத்தாம் படி என்று போய்க்கொண்டே இருக்கும். ஜெயித்தால் ஒரு படி மேலே, தோற்றால் ஒரு படி கீழே. எட்டாம் படிக்குப் போனால் ஆட்டக்காரர் வாரநாளில் குழாய் பழுதுபார்ப்பவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் சம்பளம் வாங்காத ரசிகர். ரயிலில் அரை மணி நேரம் போனால் உலகின் விலையுயர்ந்த கால்கள் ஆடும் ஸ்டேடியம் இருக்கிறது. இருந்தும் சில நூறு பேர், சில இடங்களில் சில ஆயிரம் பேர், ஒவ்வொரு வாரமும் இந்த மைதானத்துக்குத்தான் வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்ற கேள்விக்கு உளவியலும் உடலியலும் நிகழ்தகவுக் கணக்கும் சேர்ந்து தரும் விடை என்னைப் பல ஆண்டுகளாக வியக்க வைக்கிறது.

இதற்குத் தெளிவான சோதனைக்களம் தெற்கு லண்டனில் அமைந்தது. எந்த ஆய்வாளரும் திட்டமிடாமல் தானாக அமைந்தது அது. விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ். அந்த ஊருக்கு ஒரு கால்பந்து கிளப்பும் உண்டு. 1988இல் அது எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அந்த நாளின் மாபெரும் அணியான லிவர்பூலை 1–0 என்று வென்றது. கோல் கீப்பர் டேவ் பேசன்ட் ஒரு பெனால்டியைத் தடுத்தார். அந்தக் கோப்பையின் இறுதியாட்டத்தில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. மூன்றே ஆண்டுகளில் அந்த அணி தன் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறி இன்னொரு கிளப்பின் மைதானத்தில் குடியிருக்க வேண்டியதாயிற்று. பிறகு உரிமையாளர்கள் கிளப்பையே பெயர்த்து, வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் என்ற புதுநகருக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள். 2002 மே 28 அன்று மூவர் குழு ஒன்று 2–1 என்ற கணக்கில் அதற்கு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் விம்பிள்டனில் புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தக் குழுவின் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது.

ஆறே வாரத்தில் ரசிகர்கள் தொடங்கிவிட்டார்கள். ஊர்ப் பொதுத் திடலில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம் என்று அறிவித்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று பெயர். ஜூலை 10 அன்று சட்டன் என்ற இடத்தில் முதல் நட்பு ஆட்டம். 4–0 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்.

புதிய கிளப் ஒன்பதாம் படியில் இடம் பிடித்தது. ஊராட்சிப் பூங்காக்களைப் போன்ற மைதானங்களில் ஆட்டம். முதல் சீசனில் சொந்த ஆட்டங்களுக்குச் சராசரியாக மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டாம் பிரிவில் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடிக்கொண்டிருந்த பழைய கிளப்புக்கு அதே சீசனில் வந்த கூட்டம் இதைவிடக் குறைவு. வணிகக் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. பழைய பெயர், பழைய ஆட்டக்காரர்கள், உயர்ந்த தரம் எல்லாம் ஒரு பக்கம் இருந்தன. மறுபக்கம் இருந்தவர்கள் அந்த ஊர் மக்கள் மட்டுமே. கூட்டம் மக்களோடு போனது.

ரசிகர் மனத்தைப் பற்றி மிக அதிகமாகச் சொல்லப்படும் ஆய்வு இதை விளக்காது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சால்டீனியும் கூட்டாளிகளும் 1973இல் ஏழு பல்கலைக்கழகங்களில் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பில் எத்தனை மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயரோ சின்னமோ பொறித்த உடை அணிந்து வருகிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி வென்றிருந்தால் அந்த எண்ணிக்கை கூடியது. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்றதைச் சொல்லும்போது ‘நாம்’ என்று பேசுவதும், தோற்றதைச் சொல்லும்போது அணியைத் தள்ளிவைத்து ‘அவர்கள்’ என்று பேசுவதும் தெரிந்தது. பிறருடைய வெற்றி வெளிச்சத்தில் நாமும் கொஞ்சம் குளிர்காய்கிறோம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்துகொண்டு மான்செஸ்டர் சிட்டி சட்டை அணிவதற்கு இது நல்ல விளக்கம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. மனித மனம் அப்படித்தான். ஆனால் 4–0 என்று தோற்கும் அணிக்கு மறுவாரமும் வருகிறவரை இது விளக்காது.

அந்த இடத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டின் மானுடவியலாளர் ஹார்வி வைட்ஹவுஸ், மார்த்தா நியூசன் ஆகியோரின் வேலை முக்கியமாகிறது. மனிதர் ஒரு குழுவோடு கொள்ளும் பிணைப்பு இரண்டு வகை என்கிறது அவர்கள் பின்பற்றும் கோட்பாடு. ஒன்றில் குழுவின் அடையாளம் மேலே அணிந்த சட்டையைப் போன்றது, கழற்றிவிடலாம். இன்னொன்றில் ‘நான்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் கலந்துவிடும். குழுவுக்குப் பட்ட அடி தனக்கே பட்ட அடியாகும். இந்தக் கலப்பை உண்டாக்குவதில் எல்லோரும் சேர்ந்து பட்ட துன்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அவர்கள் கருதுகோள். வலித்த நிகழ்வை மனம் ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. பின்னால் திரும்பத் திரும்ப எடுத்து அசைபோடுகிறது. நான் யார் என்ற கதையில் ஓர் அத்தியாயமாக்கிக்கொள்கிறது. அதே அத்தியாயம் பக்கத்து இருக்கைக்காரரிடமும் இருப்பது தெரியும்போது அவர் உறவினராகிவிடுகிறார்.

இதை அவர்கள் பிரீமியர் லீக் ரசிகர்களிடம் சோதித்தார்கள். பத்தாண்டுப் புள்ளிவிவரத்தை வைத்து, தொடர்ந்து வென்ற ஐந்து கிளப்புகள், தொடர்ந்து சரிந்த ஐந்து கிளப்புகள் என்று பிரித்து எழுநூறுக்கும் மேற்பட்ட ரசிகர்களிடம் கேள்விகள் கேட்டார்கள். 2021இல் வெளியான முடிவு இது: தோற்ற கிளப்புகளின் ரசிகர்களே ஒருவரோடொருவர் இறுக்கமாகப் பிணைந்திருந்தார்கள், சக ரசிகர்களை ரத்த உறவைப் போலக் கருதினார்கள். உன் கிளப்பின் ரசிகர்களைக் காப்பாற்ற உன் உயிரைக் கொடுப்பாயா என்று கற்பனையான ஒரு கேள்வியும் இருந்தது. அப்போது துன்பப்பட்டியலில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கொடுப்பேன் என்றார். வெற்றிப்பட்டியலில் இருந்த ஆர்சனல் ரசிகர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை. காகிதத்தில் சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளியை வெறும் வாய்ச்சொல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதே கிரிஸ்டல் பேலஸ் 2025 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்று வென்று, தன் வரலாற்றின் முதல் பெரிய கோப்பையை எடுத்தது.

உடம்பும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 2014 உலகக் கோப்பையின்போது பிரேசில் ரசிகர்களின் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் அளவை நியூசன் குழு பார்த்தது. ஜெர்மனியிடம் பிரேசில் 7–1 என்று நொறுங்கிய ஆட்டமும் அதில் அடக்கம். அணியோடு மிக இறுக்கமாகக் கலந்தவர்களின் உடம்பில்தான் கார்டிசால் மிக அதிகம் ஏறியது. 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறுகளுக்கான அவசர சிகிச்சைகள் வழக்கத்தைப் போல 2.66 மடங்கு இருந்தன என்று மருத்துவர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். வேறு யாரோ பதினோரு பேர் ஓடுவதைப் பார்த்து நம் இதயம் இந்தப் பாடு படுகிறது என்பதே பெரிய அதிசயம்.

சரி, இதெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தாலும் நடக்குமே என்று கேட்கலாம். நடக்கும், ஆனால் அதே அளவில் அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ரசிகர்களின் நெஞ்சில் கருவி கட்டி, ஒரு பகுதியினரை அரங்கத்துக்கும் இன்னொரு பகுதியினரைச் சிறு குழுக்களாகத் தொலைக்காட்சி முன்னும் உட்கார வைத்து ஒரு சோதனை நடந்தது. டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் உள்ளிட்டோர் செய்த அந்த ஆய்வு 2022இல் வெளியானது. அரங்கத்தில் இருந்தவர்களின் இதயத்துடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. தொலைக்காட்சி பார்த்தவர்களிடம் அந்த ஒத்திசைவு குறைவு. ஒத்திசைவு கூடியவர்களுக்கு அந்த அனுபவம் தங்களை மாற்றிய ஒன்றாகத் தோன்றியது. குழுவோடு கொண்ட பிணைப்பும் அதன் வழியே கூடியது. ஒரே ஆட்டம், ஒரே முடிவுதான். பக்கத்தில் மூச்சுவிடும் மனிதர்கள் இருந்ததுதான் வேறுபாடு.

சிறு மைதானத்தில் இது இன்னும் நெருங்கி நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். எட்டாம் படி ஆட்டத்தில் பந்துக்கும் பார்வையாளருக்கும் இடையே ஒரு கம்பிதான். ஆட்டக்காரர் மூச்சிரைப்பது கேட்கும். இடைவேளையில் தேநீர்க் கடையில் எதிரணி ரசிகரும் அதே வரிசையில் நிற்பார். அங்கே நாற்பது ஆண்டு வந்துகொண்டிருப்பவர் வாழ்க்கையின் திருமணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாவற்றையும் அந்த முகங்களோடுதான் கடந்திருப்பார்.

மைதானத்துக்குப் போகிறவர் அங்கே இருப்பது ஆட்டத்தையும் மாற்றுகிறது. இங்கிலாந்தில் தகுதிபெற்ற நாற்பது நடுவர்களுக்கு லிவர்பூல்–லெஸ்டர் ஆட்டமொன்றின் 47 மோதல்களைக் காணொளியில் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மறுபகுதியினருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு எதிராக ஃபவுல் கொடுப்பது 15.5 விழுக்காடு குறைந்தது. இது 2002இல் வெளியான ஆய்வு. பதினெட்டு ஆண்டு கழித்துக் கொரோனா வந்து உலகத்து ஸ்டேடியங்களையெல்லாம் காலி செய்தபோது, அதே சோதனை பெரிய அளவில் தானாக நடந்தது. பல நாடுகளில் சொந்த மண்ணின் அனுகூலம் சுருங்கியது. வெளியூர் அணிகள் வாங்கும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன. தொண்டை கிழியக் கத்துகிறவர் வீணாகக் கத்தவில்லை.

பெர்லின் நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள யூனியன் பெர்லின் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2004இல் கிளப்பின் கையில் பணமில்லாதபோது ரத்ததானம் செய்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். 2008–09இல் இடிந்துகொண்டிருந்த மைதானத்தைத் திருத்திக் கட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலியில்லாமல் சுமார் 1,40,000 மணி நேரம் உழைத்தார்கள். சிமென்ட் கலவை போட்டவரும் கம்பி கட்டியவரும் இன்று அந்தப் படிகளில்தான் நிற்கிறார்கள். 2019இல் கிளப் வரலாற்றில் முதல்முறையாக ஜெர்மனியின் உச்சப் பிரிவான புந்தஸ்லிகாவில் நுழைந்தது. முதல் ஆட்டத்தன்று ரசிகர்கள் நானூற்றுக்கும் மேற்பட்ட பெரிய படங்களைத் தூக்கிப் பிடித்தார்கள். இந்த நாளைப் பார்க்காமல் செத்துப்போன ரசிகர்களின் முகங்கள் அவை. ஆட்டம் 4–0 என்று தோல்வி. நான்கே ஆண்டில் அந்த அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் இருக்கிறது. ஒரு சில கிளப்புகளுக்கு மட்டும் விலக்கு. ஒரு கோடீஸ்வரர் வந்து கிளப்பை மொத்தமாக வாங்கிக்கொண்டு போக முடியாது.

இனிப் பணத்துக்கு வருவோம். சிறு அணி பெரிய அணியை வெல்லும் என்று நம்புவதில் ஏதாவது பொருள் இருக்கிறதா? கால்பந்தில் இருக்கிறது, மற்ற பல விளையாட்டுகளைவிட அதிகம் இருக்கிறது. பென்-நைம், வாஸ்கெஸ், ரெட்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஐந்து விளையாட்டுகளின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்ட முடிவுகளை எடுத்து, அதுவரையிலான பதிவில் பின்தங்கிய அணி முன்னணி அணியை எத்தனை முறை கவிழ்க்கிறது என்று 2006இல் கணக்கிட்டார்கள். டிராவைப் பாதியாகக் கொண்டால் ஆங்கிலக் கால்பந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 முறை. கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் 36தான். ஐந்திலும் கால்பந்தே முதலிடம்.

காரணம் கோலின் அருமை. ஓர் அணி சராசரியாக இரண்டு கோல் அடிக்கும் வலிமையுள்ளது, எதிரணி ஒரு கோல் அடிக்கும் வலிமையுள்ளது என்று வைத்துக்கொள்வோம். அரிதாக நிகழ்பவற்றைக் கணக்கிட உதவும் பாய்சான் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், பாதி வலிமைதான் உள்ள அந்த எளிய அணி நூற்றில் சுமார் 18 ஆட்டங்களை வெல்லும், 21 ஆட்டங்களை டிரா செய்யும். ஐந்தில் இரண்டு முறை தலைநிமிர்ந்து வீடு திரும்பலாம். அதே இரு மடங்கு வேறுபாட்டை வைத்துக்கொண்டு கோல்களை மட்டும் பத்து மடங்காக்குங்கள், அதாவது இருபதுக்குப் பத்து. இப்போது எளிய அணி வெல்வது நூற்றில் மூன்று முறைதான். கோல் எளிதாக விழுந்தால் வலிமை தன் வேலையைக் காட்டிவிடும். அரிதாக விழுந்தால் ஒரு காற்று, ஒரு சேறு, கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து போதும். சிறு அணிக்காரரின் நம்பிக்கையைப் பேதைமை என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

ஆனால் இந்தக் கருணை ஓர் ஆட்டத்துக்கு மட்டும்தான். 38 ஆட்டம் நடந்தால் காற்றும் சேறும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். எஞ்சுவது வலிமை, வலிமையை வாங்குவது பணம். 1978 முதல் 1997 வரை நாற்பது ஆங்கிலக் கிளப்புகளின் சம்பளச் செலவையும் லீக் இடத்தையும் பொருளியலாளர் ஸ்டெஃபன் ஷிமான்ஸ்கி ஒப்பிட்டார். நீண்டகால நோக்கில் இட வேறுபாட்டில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சம்பளத்தாலேயே விளங்கிவிட்டது. ஜெயித்தவருக்குப் பணம் வருகிறது, பணத்துக்கு நல்ல ஆட்டக்காரர் வருகிறார், அவர் வந்தால் மறுபடி ஜெயம். 1983 வரை ஆங்கில லீக்கில் டிக்கெட் வசூலில் ஒரு பங்கு வெளியூரிலிருந்து வந்து ஆடிய அணிக்கும் போனது. அந்த வழக்கத்தைப் பெரிய கிளப்புகள் நிறுத்தச் செய்தன. 1992இல் முதல் பிரிவின் 22 கிளப்புகளும் பிரிந்துபோய்ப் பிரீமியர் லீக்கைத் தொடங்கி, தொலைக்காட்சிப் பணத்தைத் தங்களுக்கென்று பேசிக்கொண்டன. முதல் ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு 304 மில்லியன் பவுண்ட் என்று அறிவிக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய மூன்றாண்டு ஒப்பந்தம் பிரிட்டனுக்குள் மட்டும் ஐந்து பில்லியனுக்கு மேல். இப்போது வெளிநாட்டு உரிமங்களிலிருந்து வருவது உள்நாட்டு வருவாயையும் தாண்டிவிட்டது. சென்னையில் நாம் கட்டும் சந்தாவும் அதில் ஒரு துளி.

லீக்கில் மறைந்துபோன தற்செயல், தோற்றால் வெளியே என்ற கோப்பைப் போட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எஃப்.ஏ. கோப்பையில் எழுநூறுக்கும் மேற்பட்ட கிளப்புகள் சேர்கின்றன. 2021 ஜனவரியில் லிவர்பூல் அருகே க்ராஸ்பியில் இருக்கும் மரைன் என்ற எட்டாம் படிக் கிளப்புக்கு டாட்டன்ஹாம் வந்தது. இரண்டுக்கும் நடுவே 161 இடங்கள். அந்தக் கோப்பையின் நெடிய வரலாற்றில் அத்தனை பெரிய இடைவெளியில் இரு அணிகள் மோதியதே இல்லை. கொரோனாக் காலம் என்பதால் கூட்டம் அனுமதிக்கப்படவில்லை. கிளப்புக்குக் கிடைக்க வேண்டிய வசூல் போய்விடுமே என்று, உள்ளே போக முடியாத ஆட்டத்துக்குப் பத்து பவுண்ட் கொடுத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டிக்கெட் வாங்கினார்கள். டாட்டன்ஹாம் ரசிகர்களும் வாங்கினார்கள். மரைன் 5–0 என்று தோற்றது. மைதானத்தை ஒட்டிய வீடுகளின் பின்வாசல்களிலிருந்து குடும்பங்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தன.

போட்டியாளரை அழித்துவிட்டால் விளையாட்டில் வென்றவனும் அழிவான். வால்டர் நீல் என்ற பொருளியலாளர் 1964இல் இதை எழுதினார். செருப்புக் கடைக்காரருக்கு எதிர்க்கடை மூடினால் லாபம். குத்துச்சண்டை வீரருக்கு எதிராளி இல்லாமல் போனால் பிழைப்பே இல்லை. 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் சேர்ந்து, நிறுவனர்கள் எவ்வளவு தோற்றாலும் கீழிறங்க வேண்டாத தனி லீக் ஒன்றை அறிவித்தபோது இந்தப் பழைய பாடத்தைத்தான் மறந்திருந்தன. அதைக் கவிழ்த்தவர்கள் முதலில் அந்தக் கிளப்புகளின் சொந்த ரசிகர்கள். செல்சி மைதானத்துக்கு வெளியே தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் பின்வாங்கின.

அப்படிப்பட்ட வெற்றி எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. மான்செஸ்டரை ஒட்டிய பெரி என்ற ஊரின் கிளப் 1885இல் பிறந்தது, 1894 முதல் லீக்கில் இருந்தது. 1903இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் டார்பியை 6–0 என்று வென்றது. அந்தச் சாதனையை நூற்றுப் பதினாறு ஆண்டு யாரும் தொடவில்லை. 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டை 6–0 என்று வென்று அதைச் சமன் செய்தது. அதே வசந்தத்தில் பெரி அணி மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்திருந்தது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காமலேயே. ஆகஸ்ட் 27 அன்று, கடனை அடைக்க வழி காட்டாததால் லீக் அதை வெளியேற்றியது. அன்று பகலில்கூட அடுத்த ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் துடைப்பமும் துணியுமாக வந்து ஜிக் லேன் மைதானத்தின் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நடந்தது எளிதான கதை அல்ல. ஒரு பகுதியினர் புதுக் கிளப் தொடங்கிப் பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடினார்கள். இன்னொரு பகுதியினர் பழைய மைதானத்தை மீட்கப் பணம் திரட்டி 2022இல் அதை வாங்கினார்கள். இரண்டையும் இணைக்க வைத்த முதல் வாக்கெடுப்பு தோற்றது. பேச்சு நின்றது, நட்புகள் கசந்தன. நேசத்தின் ஆழமே பிளவின் ஆழமும் ஆனது. 2023 மே மாதம் இரண்டாம் வாக்கெடுப்பு வென்று, பெரி மறுபடி ஜிக் லேனில் இறங்கியது, ஒன்பதாம் படியில். 2025இல் அந்த லீக்கை வென்று ஒரு படி ஏறியது. உலகின் இரு பெரும் கிளப்புகள் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர் இது.

கிளப்புகள் அவ்வளவு எளிதில் சாவதில்லை. 1923இல் ஆங்கில லீக்கில் இருந்த 88 கிளப்புகளில் 85 கிளப்புகள் 2008இலும் இருந்தன என்று ஷிமான்ஸ்கியும் சைமன் கூப்பரும் எண்ணிக் காட்டினார்கள். நடுவில் பொருளாதாரப் பெருவீழ்ச்சியும் உலகப்போரும் வந்துபோயின. அந்த ஊர்களின் நெசவாலைகளும் சுரங்கங்களும் கப்பல் கட்டும் துறைகளும் மூடிக் கிடக்கின்றன. அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற கிளப் 1962இல் கடனில் மூழ்கி லீக்கை விட்டுப்போனது. காலியான இடம் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டுக்குப் போனது. 1968இல் அதே பெயரில் ஊர்க்காரர்கள் மறுபடி தொடங்கினார்கள். 2006இல் அக்ரிங்டன் லீக்குக்குத் திரும்பிய அதே ஆண்டில் கீழே இறங்கிய அணிகளில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். கிளப் திவாலானால் இவர்கள் இன்னொரு கிளப்பைத் தொடங்குகிறார்கள். சட்டை அதே நிறம்.

பெரியின் வீழ்ச்சியும் பணக்கார லீக் கனவும் சேர்ந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தையே அசைத்தன. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, மேல் ஐந்து பிரிவுகளுக்கும் தனி ஒழுங்காற்று அமைப்பு வந்தது. இனி மைதானத்தை விற்கவோ கிளப்பை வேறு ஊருக்குப் பெயர்க்கவோ அதன் ஒப்புதல் வேண்டும். சின்னத்தையும் சொந்த மண் சட்டையின் நிறத்தையும் மாற்ற உள்நாட்டு ரசிகர்களின் ஆதரவு வேண்டும். இருபத்து மூன்று ஆண்டு தாமதமாக வந்த நியாயம் என்று தெற்கு லண்டனின் விம்பிள்டன்காரர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவர்கள் அதற்குள் தாங்களே படியேறி 2011இல் தொழில்முறை லீக்குக்குத் திரும்பிவிட்டார்கள். நடுவே 78 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே இல்லாத ஆங்கிலச் சாதனை. 2020இல் பழைய ப்ளவ் லேனுக்குக் கூப்பிடு தூரத்தில் புது மைதானம், அதற்குக் கடன் பத்திரம் வாங்கிப் பணம் கொடுத்தவர்கள் ரசிகர்கள். கிளப் இன்றும் அவர்களுடைய அறக்கட்டளையின் கையில் இருக்கிறது.

சட்டத்தின் கை எட்டாத ஆறாம் படியிலும் அதற்குக் கீழேயும் நிலைமை வாசல் வசூலைப் பொறுத்தது. அங்கே தொலைக்காட்சிப் பணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை; டிக்கெட், தேநீர், உள்ளூர்க் கடைக்காரர் கொடுக்கும் விளம்பரம், அவ்வளவுதான். ஐம்பது பேர் கூடுதலாக வந்தால் அந்த வாரம் புல் வெட்டும் செலவு கழியும். இதற்காகவே 2010 முதல் ஆண்டுக்கொரு சனிக்கிழமையைச் சிறு கிளப்புகளுக்கான நாளாக அங்கே கொண்டாடுகிறார்கள். தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காகப் பிரீமியர் லீக் ஓய்வில் இருக்கும் வாரமாகப் பார்த்து நாள் குறிப்பார்கள். உங்கள் பெரிய அணி இன்று ஆடவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் எந்த மைதானம் இருக்கிறதோ அங்கே போங்கள் என்பதே அழைப்பு. பெரிய கிளப்பின் சீசன் டிக்கெட்டைக் காட்டினால் பல இடங்களில் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் வழக்கம்போல மூன்று மணிக்கு.